தடைக்காலம் முடியற அன்னிக்கே டிரிக்கர் ஊசி. அவரு கடலுக்குப் போகலாமா?

காசிமேட்டு மருமக
ஜூன் 11, ராத்திரி 10.40

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு வருஷமா இங்க சத்தமில்லாம படிச்சுட்டுப் போறவ நான். எழுதறது இதான் முதல் தடவை. நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

வயசு 31, கல்யாணமாகி 7 வருஷம். எனக்கு பிசிஓடி, சினைப்பைக் கோளாறு. பீரியட்ஸ் நாப்பது நாளைக்கு ஒண்ணு, அம்பது நாளைக்கு ஒண்ணுன்னு அதுக்குத் தோணினப்ப வரும். ஐயுஐ, அதான் விந்தை நேரா கர்ப்பப்பைல செலுத்தறது, ரெண்டு தடவை பண்ணி ரெண்டும் போச்சு. அவருக்கு விந்தணு கவுண்ட் கம்மி, ஓட்டமும் கம்மி. அதனால முட்டைய வெளிய எடுத்து லேப்ல கருவாக்கற ஐவிஎஃப்தான், அதுலயும் இக்சின்னு சொல்லிட்டாங்க. ஆஸ்பத்திரி ஆயிரம் விளக்கு பக்கம். புது வண்ணாரப்பேட்டை மெட்ரோல ஏறினா நேரா போய் இறங்கிடலாம், அது ஒண்ணுதான் இதுல சுலபமா இருக்கு.

அவரு டிரைவர். காருக்கு இல்ல, லாஞ்சுக்கு, அதான் மீன்பிடி விசைப்படகுக்கு. ஒரு தடவை கெளம்பினா பத்து நாள், பன்னெண்டு நாள் ஆகும் திரும்ப. கரையில இருக்கிறது மூணு நாளோ நாலு நாளோ. போன வருஷம் ஐயுஐக்கே அவரு ஹார்பருக்கு வர்றதும் எனக்கு முட்டை வெடிக்கிறதும் ஒத்து வராம ஒரு மாசம் வீணாச்சு. அதான் இந்தத் தடவை தடைக்காலத்துலயே முடிச்சுடலாம்னு திட்டம் போட்டோம். ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் லாஞ்சு எதுவும் போகாது. மீனுங்க சினை விடட்டும்னு கவர்மென்ட்டே கடல சாத்தி வெச்சிருக்கு, நம்ம முட்டையையும் அதோட சேர்த்து எடுத்துடலாம்னு அவரு கிண்டல் வேற.

கிண்டல் பண்ணினதுதான் மிச்சம். ஏப்ரல்ல போனா சிஸ்ட் (நீர்க்கட்டி) இருக்கு, கரையட்டும்னு திருப்பி அனுப்பிட்டாங்க. மே முழுக்க பீரியட்ஸ் வரல. மாத்திரை போட்டு வரவெச்சு, வந்த தேதி ஜூன் 4. அஞ்சாம் தேதில இருந்து ஊசி. இன்னிக்கு ஸ்கேன்ல முட்டை வளர்ற பை, ஃபாலிக்கிள்னு சொல்றாங்களே, அது வலது பக்கம் 9, இடது பக்கம் 8, பெருசு 14 மில்லிமீட்டர். அனேகமா 14ஆம் தேதி ராத்திரி டிரிக்கர், அதான் முட்டைய பழுக்க வைக்கிற ஊசி, 16ஆம் தேதி காலைல எக் பிக்கப், அதான் முட்டை எடுக்கறதுன்னு சொன்னாங்க.

14ஆம் தேதி ராத்திரி பன்னெண்டு மணிக்கு மேலதான் காசிமேட்டுல மொத்த லாஞ்சும் கெளம்பும். ரெண்டு மாசம் கழிச்சு, கடல்லயே தங்கிப் பிடிக்கப் போற முதல் தங்கல், நல்லா படும்னு எல்லாரும் நம்பிட்டு இருக்காங்க. டிரைவர் வரலன்னா ஓனர் வேற ஆளைப் போட்டுடுவாரு, அப்புறம் அந்த சீசன் முழுக்க அவன்தான். அதுவும் இல்லாம, ஓனர்கிட்ட 60,000 ரூபாய் முன்பணம் வாங்கித்தான் ஊசியே வாங்கினோம். தடைக்கால நிவாரணம் 8,000, அது வாடகைக்கும் அரிசிக்குமே காணல.

இப்ப என் கேள்வி. அவரு 13ஆம் தேதியே சாம்பிள் குடுத்து ஃப்ரீஸ் பண்ணிட்டு கடலுக்குப் போயிடலாமா? ஏற்கெனவே கம்மியா இருக்கிறது, ஐஸ்ல வெச்சா இன்னும் கெட்டுடாதா? மீனுக்கே ஐஸ் வெச்சா ருசி போகுது. (சிரிக்காதீங்க, நிஜமா பயமா இருக்கு.)

இன்னொண்ணு. மாமியாருக்கு இது எதுவும் தெரியாது. மார்க்கெட்ல மீன் விக்கிறவங்க, அவங்களுக்குத் தெரிஞ்சா மார்க்கெட்டுக்கே தெரிஞ்ச மாதிரி. ஊசியெல்லாம் ஹார்லிக்ஸ் டப்பாக்குள்ள போட்டு ஃபிரிட்ஜ்ல பின்னாடி வெச்சிருக்கேன். அவரும் போயிட்டா அன்னிக்கு என்கூட யாரு வருவாங்க? தனியா போய்ட்டு தனியா வர முடியுமா? எங்க அம்மா இல்ல. அக்கா கல்பாக்கத்துல, அவளுக்கு கைக்குழந்தை.

முட்டை எடுக்கறதுக்கு முன்னாடி என்னென்ன தயார் பண்ணணும்னும் சொல்லுங்க. ஆஸ்பத்திரில ஒரு பேப்பர் குடுத்தாங்க, எல்லாம் இங்கிலீஷ்ல பொடிப் பொடியா இருக்கு.


பெரம்பூர் அம்மு
ஜூன் 11, ராத்திரி 11.25

சிஸ்டர், அவரு கடலுக்குப் போனாலும் சரி, போகலன்னாலும் சரி, சாம்பிள் ஃப்ரீஸ் பண்ணியே வெச்சுடுங்க. ரெண்டு தடவை பிக்கப் ஆனவ சொல்றேன்.

எங்க வீட்டுக்காரர் அன்னிக்கு என்கூடத்தான் வந்தாரு, லீவு போட்டு, சேவ் பண்ணி, புதுச் சட்டை போட்டு. என்னை உள்ள கூட்டிட்டுப் போனதும் அவர் கையில ஒரு டப்பா குடுத்து ஒரு ரூமைக் காட்டியிருக்காங்க. சின்ன ரூம், ஏசி சத்தம், வெளிய நாலு பேரு வரிசை, அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை கதவைத் தட்டி "சார், ஆச்சா?" யாருக்கு வரும்? ஒன்றரை மணி நேரம் ஆயிருக்கு. மனுஷன் அழுதுட்டாரு. நான் மயக்கம் தெளிஞ்சு வெளிய வந்தா என்னை விட அவரு மூஞ்சிதான் வெளுத்துப் போயிருந்துச்சு. இதை யாரும் முன்கூட்டியே சொல்றதில்ல. ரெண்டாவது தடவை ஒரு வாரம் முன்னாடியே குடுத்து வெச்சுட்டோம், அந்த நிம்மதிலயோ என்னவோ அன்னிக்கு அவரால ஈஸியா குடுக்க முடிஞ்சுது. வெச்சிருந்ததைத் தொடவே இல்ல.

ஐஸ்ல வெச்சா கெடாதான்னு கேட்டீங்க. உருக்கும்போது கொஞ்சம் ஓட்டம் போகும், அது நிஜம். ஆனா உங்களுக்கு இக்சி. ஒரு முட்டைக்கு நல்லதா ஒரு விந்தணு இருந்தா போதும், அதைப் பொறுக்கி ஊசியால உள்ள வெச்சுடுவாங்க. லட்சக்கணக்குல தேவையில்ல. கம்மியா இருக்கிறதால ஒரு நாள் விட்டு ரெண்டு தடவை குடுக்கலாமான்னு நாளைக்கே லேப்ல கேளுங்க. குடுக்கறதுக்கு முன்னாடி ரெண்டு நாள்ல இருந்து அஞ்சு நாள் வரைக்கும் விந்து வெளியேறாம இடைவெளி கேப்பாங்க, அதையும் கணக்குப் பண்ணிக்கோங்க. அப்புறம் கையெழுத்து! அவரு கெளம்பறதுக்கு முன்னாடி எல்லா ஃபார்ம்லயும் கையெழுத்து வாங்கிடுங்க. மயக்க மருந்துக்கு, இக்சிக்கு, கருவை ஃப்ரீஸ் பண்றதுக்கு, எல்லாத்துக்கும் தனித்தனி. 2021ல வந்த சட்டத்துக்கு அப்புறம் இதுல ரொம்ப கறாரா இருக்காங்க. நடுக்கடல்ல இருக்கிறவர்கிட்ட பேனாவ நீட்ட முடியாது.

அன்னிக்கு தாலி, மெட்டி, தோடு, மூக்குத்தி எல்லாம் கழட்டச் சொல்வாங்க. என்னைத் தாலியக் கழட்டச் சொன்னப்ப, ஊசி குத்தினப்பகூட வராத அழுகை வந்துச்சு. நீங்க முந்தின நாளே ஒரு மஞ்சள் கயித்துல மஞ்சள் கிழங்கு கட்டிப் போட்டுக்கோங்க, அதுல உலோகம் இல்ல, விட்டுடறாங்க. நெயில் பாலிஷ் வேணாம், விரல்ல ஒரு கிளிப் மாட்டுவாங்க. சென்ட், பூ, வாசனை பவுடர் எதுவும் வேணாம், பக்கத்துலயே லேப் இருக்கு, வாசனை கருவுக்கு ஆகாதாம். லூசா நைட்டியோ, இடுப்புல நாடா வெச்ச பேண்டோ. வயிறு ஊதியிருக்கும், ஜீன்ஸ் ஏறாது. பேட் ரெண்டு எடுத்துக்கோங்க.

தனியா விட மாட்டாங்க. மயக்கம் குடுத்த ஆளை கூட வந்தவங்க கையிலதான் ஒப்படைப்பாங்க.


நைட் டியூட்டி நர்ஸ்
ஜூன் 12, காலை 6.10

இப்பதான் டியூட்டி முடிச்சேன். நான் ஓ.டி. (ஆபரேஷன் தியேட்டர்) நர்ஸ், கருத்தரிப்பு பிரிவுல நாலு வருஷம் இருந்திருக்கேன். உங்க டாக்டர் சொல்றதுதான் முடிவு, நான் சொல்றது புரிஞ்சுக்கறதுக்கு.

மொத்த வேலையிலயும் மணி தப்பக்கூடாத ஒரே விஷயம் டிரிக்கர் ஊசி. அதுவரைக்கும் போடற ஊசி முட்டைப் பைய வளர்க்கும். டிரிக்கர்தான் உள்ள இருக்கிற முட்டைய பழுக்க வெச்சு, பை சுவர்ல இருந்து கழண்டு வர வைக்கும். சுமார் 36 மணி நேரத்துல எடுத்தாகணும். ரொம்ப முன்னாடி எடுத்தா முட்டை பழுத்திருக்காது, ரொம்ப லேட் ஆனா தானா வெடிச்சு வயித்துக்குள்ள போயிடும், அப்புறம் தேடிப் பிடிக்க முடியாது. ஒன்பதரைன்னா ஒன்பதரை. பத்து நிமிஷம் முன்ன பின்ன ஆயிட்டா பதறாதீங்க, ஆனா எத்தனை மணிக்குப் போட்டீங்களோ அதை அப்படியே ஆஸ்பத்திரில சொல்லுங்க. பயந்துகிட்டு கரெக்டா போட்டேன்னு பொய் சொல்றவங்கள நான் பார்த்திருக்கேன், அதுல நஷ்டம் அவங்களுக்குத்தான்.

பிசிஓடி, 17 ஃபாலிக்கிள். உங்களுக்கு சினைப்பை ரொம்ப வீங்கிப் போற ஆபத்து மத்தவங்களை விட அதிகம். ஓஎச்எஸ்எஸ்னு சொல்வாங்க. அதனாலதான் அனேகமா எச்சிஜிங்கற ஹார்மோன் டிரிக்கர் இல்லாம வேற டிரிக்கர் போட்டு, கருவை உடனே வைக்காம எல்லாத்தையும் ஃப்ரீஸ் பண்ணச் சொல்வாங்க. அப்படிச் சொன்னா ஏதோ தப்பா போச்சுன்னு நினைக்காதீங்க. இன்னிக்கே ஒரு மெஷின்ல எடை பார்த்து எழுதி வைங்க. எடுத்த பிறகு ஒரே நாள்ல ஒரு கிலோவுக்கு மேல ஏறினா, வயிறு டிரம் மாதிரி ஆனா, ஒண்ணுக்கு கம்மியா போனா, வாந்தி நிக்கலன்னா, மூச்சு வாங்கினா, ராத்திரி ரெண்டு மணின்னாலும் ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணுங்க. விடியட்டும்னு இருக்காதீங்க.

ஃபிரிட்ஜ் விஷயம். பின்னாடி வெச்சிருக்கேன்னு எழுதியிருக்கீங்க, அது பழைய ஃபிரிட்ஜா இருந்தா பின் சுவர்ல ஐஸ் பிடிக்கும். பேனா ஊசி 2ல இருந்து 8 டிகிரிக்குள்ள இருக்கணும், உறைஞ்சு போனா அந்த மருந்து வேஸ்ட். நடுத்தட்டுல முன்பக்கமா வைங்க. உங்க வீட்ல மீனுக்கு ஐஸ் கட்டி வேற வெச்சிருப்பாங்க, அதோட ஒட்டாம பார்த்துக்கோங்க.

உள்ள என்ன நடக்கும்னா, கையில லைன் போடுவாங்க, தூக்கம் வரும், அவ்ளோதான் உங்களுக்குத் தெரியறது. வயித்துல வெட்டு கிடையாது, தையல் கிடையாது. கீழ் வழியா ஸ்கேன் வெச்சு, அதுலயே ஒரு ஊசியால ஒவ்வொரு பைலயும் குத்தி தண்ணிய உறிஞ்சுவாங்க, பக்கத்து ரூம்ல மைக்ராஸ்கோப்புல முட்டைய எண்ணுவாங்க. இருபது நிமிஷம், அரை மணி. முந்தின ராத்திரி பன்னெண்டுக்கு மேல தண்ணி கூட வேணாம். ஒரு வாய் காபிதானேன்னு குடிச்சுட்டு வந்து சொல்லாம இருக்கிறது ரொம்ப ஆபத்து, மயக்கத்துல வாந்தி வந்தா நுரையீரலுக்குப் போயிடும்.

17 ஃபாலிக்கிள்னா 17 முட்டைன்னு மனக்கணக்கு போடாதீங்க. சில பைல முட்டை வராது. வந்ததுல நாலுல ஒரு பங்கு பழுத்திருக்காது. பழுத்ததுல எழுபது சதவீதம் போல கருவாகும். அஞ்சாம் நாள் வரைக்கும் தாக்குப் பிடிக்கிறது அதுல பாதி, இல்ல அதுக்கும் கீழ. ஒவ்வொரு போன் காலுக்கும் எண்ணிக்கை இறங்கும், அது இயல்பு.


எண்ணூர் ரோடு
ஜூன் 12, காலை 9.50

ஆம்பளைங்க பேசலாமான்னு தெரியல, இருந்தாலும் சொல்றேன். நான் கண்டெய்னர் லாரி ஓட்டறவன். எங்களுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி இதே ட்ரீட்மென்ட்.

அண்ணனுக்கு ஒரு விஷயம் சொல்லுங்க. பீடி, சிகரெட், ஹான்ஸ் எது இருந்தாலும் இன்னிக்கு நிறுத்தினா இந்த 16ஆம் தேதிக்குப் பிரயோஜனம் இல்ல, ஏன்னா விந்தணு ஒண்ணு உருவாகி வெளிய வர 70, 75 நாள் ஆகுதாம். எங்க டாக்டர் சொன்னாரு. தடைக்காலத்து முதல் நாளே நிறுத்தியிருந்தா கூட 61 நாள்தான், பத்தாது. ஆனாலும் நிறுத்தட்டும். இஞ்சின் சூட்டுல மணிக்கணக்கா உக்காந்திருக்கிற வேலை எங்களுக்கும் அவருக்கும் ஒண்ணுதான். நான் லுங்கிக்கு மாறிட்டேன், ஓனர் திட்டினாரு, திட்டிட்டுப் போகட்டும்.

கடலுக்குப் போறதா வேணாமான்னு நான் சொல்ல மாட்டேன். முன்பணம் வாங்கினவனுக்குத்தான் தெரியும் அந்தக் கஷ்டம்.

பிக்கப் அன்னிக்கு காலைல மெட்ரோல போங்க. எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டை நம்பி ஆட்டோல கெளம்பாதீங்க. ஹார்பர் கேட்டுக்கு எங்க வண்டி வரிசை கட்டி நின்னா ஆட்டோ கூட நுழையாது, அந்தப் பாவத்துல எனக்கும் பங்கு உண்டு. திரும்பி வர்றப்ப மட்டும் கார் போடுங்க. ஸ்பீட் பிரேக்கர்ல மெதுவா போகச் சொல்லுங்க, என் ஒய்ஃப் ஒவ்வொண்ணுக்கும் என்னைத்தான் திட்டினா.


காசிமேட்டு மருமக
ஜூன் 12, மதியம் 1.15

அம்மு, நர்ஸ் அக்கா, லாரி அண்ணா, மூணு பேருக்கும் நன்றி. ஹார்லிக்ஸ் டப்பாவ முன்னாடி மாத்திட்டேன். நிஜமாவே பின் சுவர்ல ஐஸ் பிடிச்சிருந்துச்சு, டப்பாவோட அடி ஜில்லுன்னு ஒட்டியிருந்துச்சு. உள்ள இருந்த பேனா உறையல, ஆட்டிப் பார்த்து, ஆஸ்பத்திரிக்குப் போன்ல கேட்டுட்டேன்.

லேப்ல நாளைக்கு சாம்பிள் குடுக்க வரச் சொல்லியிருக்காங்க. ரெண்டு தடவைக்கு நாள் இல்ல, ஒரு தடவைதான். கையெழுத்தும் அப்பவே.

அத்தைக்குச் சொல்றது மட்டும்தான் பாக்கி. பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிடலாமான்னு யோசிக்கிறேன்.


வியாசர்பாடி
ஜூன் 12, மதியம் 3.40

எனக்கு 39. மூணு தடவை முட்டை எடுத்தாச்சு, குழந்தை இல்ல, நிறுத்திட்டோம். உங்களை பயமுறுத்த எழுதல.

முதல் தடவை நாங்களும் மாமியாருக்குச் சொல்லல. என் தோழியக் கூட்டிட்டுப் போனேன். நெகட்டிவ்னு போன் வந்த அன்னிக்கு வீட்ல பத்து பேருக்கு தோசை ஊத்திட்டு இருந்தேன். யாருக்கும் தெரியாதுங்கறதால யாருகிட்டயும் அழ முடியல, தோசை ஊத்தி முடிச்சேன். ரெண்டாவது தடவை சொல்லிட்டுப் பண்ணினோம். சொன்னதும் மாமியார் ஒண்ணும் தேவதையா மாறிடல. ஆனா படுத்திருந்தப்ப "ஏன் படுத்திருக்க"ன்னு யாரும் கேக்கல. எனக்கு அதுவே பெருசா இருந்துச்சு. பக்கத்து வீட்டு அக்காவுக்குத் தெரிஞ்சு உங்க அத்தைக்குத் தெரியாம இருந்தா, அது என்னிக்காவது வெடிக்கும்மா, பார்த்துக்கோ.

பணத்துக்கு ஒண்ணு சொல்லணும். எழும்பூர் அரசு தாய் சேய் ஆஸ்பத்திரிலயே இப்ப கருத்தரிப்பு மையம் இருக்கு. உங்களுக்கு இந்தத் தடவை ஆரம்பிச்சாச்சு, முடிங்க. இதைப் படிக்கிற மத்தவங்க, வட்டிக்கு வாங்கறதுக்கு முன்னாடி அங்க ஒரு நடை போய் விசாரிங்க. எங்க காலத்துல அது இல்ல.


காசிமேட்டு மருமக
ஜூன் 14, ராத்திரி 11.50

டிரிக்கர் போட்டாச்சு. 9.30 மணி, ரெண்டு நிமிஷம் கூட தப்பல.

தினமும் அவருதான் எனக்கு ஊசி போடுவாரு. எனக்கு என் கையால குத்திக்க வராது, வயித்துச் சதைய பிடிச்சதுமே கை நடுங்கும். இன்னிக்கு அவரு காலைல இருந்து ஹார்பர்ல. ஐஸ் ஏத்தணும், டீசல் ஏத்தணும், வலை ஏத்தணும். ஒன்பது மணி வரைக்கும் வரல, போனும் எடுக்கல. நர்ஸ் அக்கா எழுதினதைத் திரும்பத் திரும்பப் படிச்சுட்டு நானே போட்டுக்கலாம்னு ஸ்பிரிட் வெச்சுத் துடைச்சுட்டு உக்காந்திருந்தேன். ஒன்பது இருபதுக்கு பைக் சத்தம். உடம்பெல்லாம் டீசல் நாத்தம், ரெண்டு தடவை சோப்பு போட்டுக் கை கழுவினாரு, ரெண்டு ஊசியும் போட்டாரு, தட்டுல வெச்ச சோத்தை நின்னுகிட்டே அள்ளித் தின்னுட்டுப் போயிட்டாரு. இப்ப ஜன்னல்ல இருந்து கேட்டா இஞ்சின் சத்தம், பட்டாசுச் சத்தம். ஒவ்வொரு லாஞ்சா ஸ்டார்ட் ஆகுது.

ஆமா, போறாரு. ரெண்டு பேரும் பேசித்தான் முடிவு பண்ணினோம். சாம்பிள் நேத்தே குடுத்து, உருக்கிப் பார்த்தா எப்படி இருக்குன்னு துளி எடுத்து டெஸ்ட் பண்ணிட்டாங்க, இக்சிக்குப் போதும்னு சொன்னாங்க. கையெழுத்து மொத்தம் பதினோரு இடத்துல.

அத்தைகிட்ட பன்னெண்டாம் தேதி சாயங்காலமே சொல்லிட்டேன். கூடைய இறக்கி வெச்சுட்டு காலை நீட்டி உக்காந்திருந்தாங்க. சொல்லி முடிச்சதும் முதல் கேள்வி, "எவ்ளோ துட்டு?" சொன்னேன். "எங்கேருந்து?" ஓனர்கிட்ட அறுபது, மீதி என் செயின் அடகுல. "இன்னாடி, பாலிஷுக்குக் குடுத்த செயினு ரெண்டு மாசமா பாலிஷ் ஆவுதா?" அப்படின்னு ஆரம்பிச்சவங்க ரெண்டு மணி நேரம் நிறுத்தல. குழந்தை இல்லாததுக்குத் திட்டல, அதை எதிர்பார்த்துப் பயந்து பயந்து வெச்சிருந்தேன். வட்டிக்குத்தான் திட்டினாங்க. ஓனர்கிட்ட வாங்கினா மீன் விலைல கழிப்பான், அவன் எடைல ஏமாத்துவான், எங்கிட்ட கேட்டிருந்தா சொல்லியிருப்பேனேன்னு. (கேட்டிருந்தா குடுத்திருப்பாங்களான்னா, மாட்டாங்க. அவங்க கட்டற சீட்டு வீட்டுக் கூரைக்குன்னு அதையும் சேர்த்தே சொல்லிட்டாங்க.)

யாருகிட்டயும் சொல்லாதீங்கன்னு கேட்டுக்கிட்டேன். மறுநாள் காலை பத்து மணிக்குப் பழவேற்காட்டுல இருந்து நாத்தனார் போன், "அண்ணி, ஊசி ரொம்ப வலிக்குதா?"

ஆனா 16ஆம் தேதி அவங்கதான் வர்றாங்க.


பெரம்பூர் அம்மு
ஜூன் 15, காலை 7.30

சிஸ்டர், மஞ்சள் கயிறு மறக்காதீங்க. இன்னிக்கு ஊசி எதுவும் கிடையாது, அந்த வெறுமையே ஒரு மாதிரி இருக்கும். நல்லா தூங்குங்க.


காசிமேட்டு மருமக
ஜூன் 22, மதியம் 2.20

நடந்ததைச் சொல்லாம இருக்கக்கூடாதுன்னு வந்தேன்.

பதினாறாம் தேதி அஞ்சரைக்கே கெளம்பிட்டோம். அத்தை கல்யாணத்துக்குக் கட்டற புடவை, கழுத்து நிறைய மல்லி. ஆஸ்பத்திரி வாசல்ல வெச்சு, பூ உள்ள ஆகாதுன்னு சொன்னேன். மீன்காரிகிட்ட எதுக்கும் வாசனை இருக்கக்கூடாதுன்னு சொல்ற ஒரே இடம் இதாண்டின்னு சொல்லிட்டு, அவிழ்த்து பைல போட்டுக்கிட்டாங்க. வெயிட்டிங் ஹால்ல பதினைஞ்சு நிமிஷத்துல நாலு குடும்பத்தோட கதையும் அவங்களுக்குத் தெரியும். யாருக்கு எத்தனையாவது தடவை, எந்த ஊர், எவ்ளோ செலவு. நான் ஒரு வருஷமா அதே ஹால்ல தலை குனிஞ்சு போன் பார்த்துட்டே உக்காந்திருந்தவ.

உள்ள எனக்கு ஞாபகம் இருக்கிறது, கால ரெண்டு பக்கமும் தூக்கி வெச்சுக் கட்டினது, மயக்க டாக்டர் என் பேரைக் கேட்டது, சொன்னேனா இல்லையான்னு தெரியல. முழிச்சப்ப வாய் காய்ஞ்சு, அடிவயித்துல பீரியட்ஸ் முதல் நாள் மாதிரி இழுத்துப் பிடிச்ச வலி. பேட்ல கொஞ்சம் ரத்தம். அவ்ளோதான், நான் பயந்த அளவுக்கு இல்ல. வலியை விட குளிருதான் ஜாஸ்தி. அம்மு, சாக்ஸ் எடுத்துட்டுப் போங்கன்னு நீங்க சொல்லல!

பதினாலு முட்டைன்னு நர்ஸ் வந்து சொன்னாங்க. நான் அரை மயக்கத்துல இருக்கேன், பக்கத்துல இருந்து அத்தை, "பதினேழுன்னீங்களே, மூணு எங்க?" ஏலக்கடைல பெட்டி எண்ற அதே குரல். அந்த நர்ஸ் பாவம் ரெண்டு தடவை விளக்கிச் சொன்னாங்க. அப்புறம் பில் கவுன்ட்டர்ல பிரிக்காத ஊசி ரெண்டைத் திருப்பிக் குடுத்துப் பணம் கேட்டிருக்காங்க. ஃபிரிட்ஜ் மருந்து திரும்ப எடுக்க மாட்டாங்களாம், அரை மணி நேரம் வாதாடித் தோத்துட்டு வந்தாங்க. தோத்து நான் பார்த்தது அதான் முதல் தடவை.

வீட்டுக்கு வந்து மூணு நாள் கஷ்டமாத்தான் இருந்துச்சு. எடை 58.4ல இருந்து 59.9 வரைக்கும் போச்சு, ஆனா மூணு நாள்ல. நிமிர்ந்து நடக்க முடியல, சிரிச்சா வலி, இருமினா வலி, ரெண்டு நாள் டாய்லெட் போகல. ஒண்ணுக்கு நல்லா போச்சு, மூச்சு வாங்கல. நாலாவது நாள் இறங்க ஆரம்பிச்சுது. அத்தை சுறாப்புட்டும் முட்டையும் மாத்தி மாத்திக் குடுத்தாங்க. இன்னும் ஒரு வாரத்துக்கு சுறாவைப் பார்க்கவே முடியாது.

நர்ஸ் அக்கா, நீங்க சொன்ன மாதிரியே எண்ணிக்கை இறங்கினப்ப உங்களை நினைச்சுக்கிட்டேன். 14ல பழுத்தது 11. கருவானது 8. நேத்து போன் வந்துச்சு, அஞ்சாம் நாள் 3. மூணையும் ஃப்ரீஸ் பண்ணிட்டாங்க.

அவருக்கு எப்படிச் சொன்னேன்னு கேப்பீங்க. அங்க போன் சிக்னல் கிடையாது. ஓனர் ஆபீஸ்ல வயர்லெஸ் இருக்கு, ஆனா அதுல பேசினா பக்கத்துல இருக்கிற அத்தனை லாஞ்சும் கேக்கும். அதனால கெளம்பறதுக்கு முன்னாடியே பேசி வெச்சிருந்தோம், முட்டைன்னு சொல்லாம பெட்டின்னு சொல்லணும்னு. 16ஆம் தேதி சாயங்காலம் அத்தை ஆபீஸுக்குப் போய், கணக்குப்பிள்ளைகிட்ட "என் புள்ளைகிட்ட வூட்ல பதினாலு பெட்டின்னு சொல்லு, அவனுக்குப் புரியும்"னு சொல்லியிருக்காங்க. அவரும் சொல்லியிருக்காரு. பதினாலு பெட்டி எந்தக் கரையில படுது, எத்தனை பாகம் ஆழம்னு அதைக் கேட்ட வேற லாஞ்சுக்காரங்க ரெண்டு பேரு இவர்கிட்ட ராத்திரி பூரா விசாரிச்சிருக்காங்க. நேத்து மூணு பெட்டின்னு சொல்லி அனுப்பினதுக்கு பதில் வந்துச்சு. "ஐஸ்ல நல்லா வெச்சிருக்காங்களா?"

27ஆம் தேதி கரை வருவாரு.

இப்ப அடுத்த தலைவலி. நேத்தே பீரியட்ஸ் வந்துடுச்சு. இந்தச் சுழற்சிய விட்டுட்டு அடுத்ததுல கருவை வைக்கலாம்னு டாக்டர் சொல்றாரு. கணக்குப் போட்டா அது ஆடியில விழுது. அத்தை ஒரே பிடியா, ஆடியில வேணவே வேணாம், ஆடியில தங்கினா சித்திரையில பொறக்கும், ஆவணி வரைக்கும் ஐஸ்லயே இருக்கட்டும், எங்க போகப் போகுதுன்னு சொல்றாங்க. ஃப்ரீஸ்ல வெச்சிருக்க வாடகை இருக்குன்னு நான் சொன்னேன், எவ்ளோன்னு கேட்டுட்டு, அது பரவாயில்லன்னு சொல்லிட்டாங்க. எனக்கு இதுல நம்பிக்கை இல்ல, ஆனா அவங்களை மீறவும் மனசு வரல, அந்தப் பதினாறாம் தேதிக்கு அப்புறம்.

இங்க யாராவது ஆடியில வெச்சவங்க இருக்கீங்களா? சித்திரை வெயில்ல கைக்குழந்தைய வெச்சுக்கிட்டு எப்படி சமாளிச்சீங்க? ஏசி இல்லாத வீடு எங்களுது, மேல ஓடு.